வைகாட்ஸ்கியை இரண்டு வட்டங்களுக்குள் அடைத்துவிட்டோமா?

கேள்வி: அம்மாபேட்டை தறிவீடு

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உளவியல் பகுதியில் லெவ் வைகாட்ஸ்கி வரும் இடத்தில், என்னிடம் இருக்கும் மூன்று வழிகாட்டி நூல்களிலும் ஏறத்தாழ ஒரே நான்கு வரிகள்தாம் இருக்கின்றன. ரஷ்ய நாட்டவர், சமூகப் பண்பாட்டுக் கொள்கையை வகுத்தவர், அண்மை வளர்ச்சி மண்டலம், சாரக்கட்டு (கற்பவருக்குத் தேவைப்படும்வரை மட்டும் தாங்கலாகத் தரும் உதவி). அருகில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். உள்வட்டத்தில் குழந்தை தானாகச் செய்யக்கூடியவை, வெளிவட்டத்தில் உதவியோடு செய்யக்கூடியவை; இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் அந்த மண்டலம். அடுத்த பக்கத்தில் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயோடு ஒப்பிடும் அட்டவணை. அட்டவணை மனப்பாடம் ஆகிவிட்டது, மனிதர்தான் பிடிபடவில்லை. முப்பத்தேழு வயதில் இறந்துபோன ஒருவரைப் பற்றி இத்தனை நாடுகளில் இத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறார்கள் என்றால், அந்த இரண்டு வட்டங்களுக்கு மேலே ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா?

நான் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் குழித்தறி இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்குத் துணையாகத் தார் (நெசவுக்கான சிறு நூல் கண்டு) சுற்றுவேன். சற்று வளர்ந்ததும் அப்பா என்னைத் தறியில் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களில்) இழை அறுந்தால் முதலில் அவரே எடுத்து முடிந்து காட்டுவார். சில மாதங்கள் கழித்து, அறுந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு என்னை முடியச் சொன்னார். அதற்கும் பிறகு, நான் அறுந்ததைக் கவனிக்காமல் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டையை) ஓட்டினால், "ம்" என்று தொண்டைக்குள் ஓர் ஒலி மட்டும் வரும். கடைசியில் அந்த ஒலியும் நின்றுவிட்டது. வழிகாட்டி நூலின் நான்கு வரிகளைப் படித்தபோது எனக்கு அந்த "ம்"தான் நினைவுக்கு வந்தது.

வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தானா? இதுதான் என்றால், எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்ல மாஸ்கோவிலிருந்து ஒருவர் எதற்கு வர வேண்டும்? இது இல்லை என்றால், அவர் உண்மையில் என்ன சொன்னார்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற பயிற்றுநர், செவ்வாய்ப்பேட்டை

அம்மா, உங்கள் தறிக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிட்டால் மனிதரைப் பார்க்காமலே போய்விடுவோம். ஆகையால் அதைச் சற்றுத் தள்ளிவைக்கிறேன்.

வைகாட்ஸ்கி 1896 நவம்பரில், இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள ஓர்ஷா என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, கோமெல் என்ற சிறு நகரத்தில் வளர்ந்தார். ஜார் ஆட்சியில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடங்கள்தாம். அந்த இடங்களையும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்காமல் குலுக்கல் முறையில் கொடுப்பது என்று அவர் சேர இருந்த நேரத்தில் விதியை மாற்றினார்கள். பள்ளியில் தங்கப் பதக்கம் வாங்கிய பையன், தன் எதிர்காலம் ஒரு சீட்டில் தொங்குவதைக் கண்டு நம்பிக்கை இழந்திருந்தபோது, 1913இல் சீட்டு அவர் பெயருக்கு விழுந்தது. மருத்துவத்தில் சேர்ந்து, சில வாரங்களிலேயே சட்டத்துக்கு மாறினார். அதே சமயம் ஷன்யாவ்ஸ்கி மக்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் படித்தார். உள்ளுக்குள் அவர் இலக்கியக்காரர். மாணவப் பருவத்தில் அவர் எழுதிய நீண்ட ஆய்வு ஷேக்ஸ்பியரின் ஹேம்லட்டைப் பற்றியது. உளவியலுக்கு அவர் ஆய்வுக்கூடத்தின் வழியாக வரவில்லை, நாடகத்தின் வழியாக வந்தார் என்பதை வழிகாட்டி நூல்கள் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே தோன்றியிருக்கிறது. ஒரு சொல் மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்வியை அவர் அங்கிருந்துதான் எடுத்துவந்தார்.

படிப்பு முடிந்து கோமெல் திரும்பி, பள்ளிகளிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் கற்பித்தார். நம்மைப் போல வாத்தியார்தான். 1924 ஜனவரியில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடந்த உளநரம்பியல் மாநாட்டில், யாரும் அறியாத இந்த இளைஞர் எழுந்து, கையில் குறிப்புக்கூட இல்லாமல் பேசினார் என்று அன்று அவையில் இருந்தவரும் பிறகு அவரோடு சேர்ந்து பணியாற்றியவருமான உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஒரு பேச்சால் மாஸ்கோ உளவியல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அதற்குள் காசநோய் அவரைப் பிடித்திருந்தது. 1934 ஜூனில் இறக்கும்வரை மருத்துவமனைக்கும் விரிவுரை அறைக்கும் இடையே ஓடிய பத்தே ஆண்டுகள். அவர் உளவியலில் செய்த எல்லாமே அந்தப் பத்தாண்டுக்குள் அடங்கும். 'சிந்தனையும் பேச்சும்' என்ற அவருடைய தலையாய நூல் அவர் இறந்த பிறகே அச்சாகி வெளிவந்தது.

இனி அவர் சொன்னதற்கு வருகிறேன். வீட்டில் பெரியவர்கள், மறக்கக் கூடாத ஒன்று இருந்தால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வைகாட்ஸ்கி தம் கொள்கையை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, நினைவுக்காகப் போடும் இந்த முடிச்சு. விலங்குக்கும் நினைவு உண்டு. ஆனால் நாளைக்குத் தான் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இன்று வெளியே ஓர் அடையாளத்தைச் செய்து வைக்கும் பழக்கம் மனிதனுக்கே உரியது. முடிச்சு, விரல்விட்டு எண்ணுதல், எழுத்து, வரைபடம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சு ஆகிய இவையெல்லாம் மனத்தின் கருவிகள். மண்வெட்டி நிலத்தை மாற்றுவதுபோல இந்தக் கருவிகள் நினைவையும் கவனத்தையும் எண்ணத்தையும் மாற்றி அமைக்கின்றன என்றார். கருவிகள் நாமே செய்தவையும் அல்ல. நமக்கு முன் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்றவை.

ஆகவே குழந்தையின் உயர்ந்த மனச் செயல் ஒவ்வொன்றும் இரண்டு முறை தோன்றுகிறது என்பது அவர் முடிவு. முதலில் மனிதர்களுக்கு இடையே, பிறகு குழந்தைக்குள்ளே. கைக்குழந்தை எட்டாத பொருளை நோக்கிக் கையை நீட்டுகிறது. அது வெறும் தோற்றுப்போன முயற்சிதான். அம்மா பார்த்து, "அது வேணுமா?" என்று எடுத்துக் கொடுக்கிறாள். நீட்டிய கைக்குச் 'சுட்டுதல்' என்ற பொருளை முதலில் தந்தவள் அம்மா. குழந்தை அதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறது. நீங்கள் பார்த்த இரண்டு வட்டங்களுக்கு அடியில் இருக்கும் அடித்தளம் இதுதான்.

வட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அண்மை வளர்ச்சி மண்டலம் அவர் வாழ்வின் கடைசி ஓரிரு ஆண்டுகளில் எழுந்த எண்ணம். அவர் எழுதியவற்றில் அது பிடித்த இடம் மிகச் சிறியது. அறிவுத்திறன் சோதனைகளோடு அவர் நடத்திய வழக்காகத்தான் அது தொடங்கியது. சோதனையில் எட்டு வயது மனத்திறன் என்று ஒரே அளவு பெற்ற இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு குறிப்பு, ஒரு தொடக்கம் என்று சிறிது உதவி செய்தால் ஒன்று ஒன்பது வயதுக்குரிய கணக்கைப் போடுகிறது, மற்றொன்று பன்னிரண்டு வயதுக்குரியதையே போடுகிறது. இந்த இரண்டும் சமமான குழந்தைகளா என்பதுதான் அவர் கேள்வி. முடிந்துபோன வளர்ச்சியை மட்டும் அளக்கும் தேர்வு, பழுத்த பழத்தை எண்ணிவிட்டுப் பூவையும் பிஞ்சையும் கணக்கில் விடுகிறது. நம் தேர்வு முறையைப் பார்த்து அவர் கேட்டதுபோலவே இருக்கிறது.

'சாரக்கட்டு' அவருடைய சொல்லே அல்ல என்பதைக் கேட்டால் உங்கள் வழிகாட்டி நூலாசிரியர்கள் வருந்துவார்கள். மரத்துண்டுகளைக் கொண்டு பிரமிடு அடுக்கும் சிறு குழந்தைகளுக்கு ஒருவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து வுட், ப்ரூனர், ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில் வந்த உருவகம் அது. வைகாட்ஸ்கி இறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு!


பதில் 2: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

ஐயா விரிவாக எழுதிவிட்டார்கள். அட்டவணையில் பியாஜேக்கு எதிரே வைகாட்ஸ்கியை நிறுத்துவதைப் பற்றி மட்டும், என் வகுப்பறையை வைத்து எழுதுகிறேன். இருவரும் 1896ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். பியாஜே 84 வயதுவரை வாழ்ந்து தம் கருத்துகளைப் பலமுறை திருத்திக்கொண்டார். வைகாட்ஸ்கிக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. அட்டவணையில் இருவருக்கும் சமமான கட்டம் போடுவது பார்க்க அழகாக இருக்கலாம், நியாயமாக இல்லை.

அவர்கள் நேருக்கு நேர் மோதிய இடம் குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பேச்சு. பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில் அதைத் தன்மையப் பேச்சு என்று அழைத்தார். குழந்தைக்கு இன்னும் மற்றவர் நோக்கில் பார்க்கத் தெரியவில்லை, வளர வளர அந்தப் பேச்சு உதிர்ந்துவிடும் என்பது அவர் கருத்து. வைகாட்ஸ்கி இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். பேச்சு முதலில் பிறரோடு பேசுவதற்காகத்தான் பிறக்கிறது. பிறகு குழந்தை அதைத் தன் வேலையை நடத்திக்கொள்ளத் தானே பயன்படுத்துகிறது. கடைசியில் அது உதிர்வதில்லை, உள்ளே போய் அகப்பேச்சாகிறது. அதைச் சோதிக்க அவர் செய்தது மிக எளிய காரியம். படம் வரையும் குழந்தைகளிடமிருந்து, வேண்டிய நேரத்தில் தாளோ வண்ணப் பென்சிலோ கிடைக்காமல் செய்தார். இடையூறு வந்தவுடன் தனக்குத்தானே பேசும் பேச்சு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயிற்று. நீலப் பென்சில் கிடைக்காத ஒரு குழந்தை, பரவாயில்லை, சிவப்பில் வரைந்து தண்ணீர் தொட்டு நனைத்தால் கருத்து நீலம்போல ஆகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். பேச்சு அங்கே திட்டம் போடுகிறது.

இதைப் படித்த பிறகு என் வகுப்பில் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பள்ளி ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, காப்பித் தோட்டங்களைத் தாண்டி இருக்கிறது. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகள். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, பனிமூட்டமாக இருந்த ஒரு காலையில், சில்வர் ஓக் மரத்தை வரைந்துகொண்டிருந்தாள். மரம் தாளின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. இன்னும் உச்சி வரவில்லை. சற்று நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "எடமில்ல... எடமில்ல... மேல மூடு பனி... மேல பனி போட்டுரலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மேல் விளிம்பு முழுவதும் சாம்பல் நிறத்தைத் தேய்த்தாள். அவள் பேசியிராவிட்டால் அந்தச் சாம்பல் பட்டையைக் கிறுக்கல் என்றுதான் நினைத்திருப்பேன். "பேசாமல் வரை" என்று நான் எத்தனை ஆண்டுகள் அதட்டியிருக்கிறேன் என்பதை அன்று எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை வேண்டாம்.

இதே அளவுக்கு வைகாட்ஸ்கியைப் பாராட்ட முடியாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். 1931, 1932ஆம் ஆண்டுகளில் லூரியா உஸ்பெகிஸ்தானத்துக்குச் சென்று, எழுத்தறிவில்லாத விவசாயிகளின் சிந்தனையை ஆராய்ந்தார். திட்டத்தில் வைகாட்ஸ்கியின் பங்கு பெரிது. உடல்நிலையால் அவர் நேரில் போகவில்லை. கேட்ட கேள்விகளுள் ஒன்று இது. பனி மூடிய வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா வடகோடியில் இருக்கிறது. அங்குள்ள கரடிகள் என்ன நிறம்? நான் பார்த்ததில்லை, பார்த்தவர் சொன்னால் நம்பலாம் என்பதுபோலப் பலர் விடை சொன்னார்கள். எங்கள் ஊரில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பாட்டியிடம் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். "அந்தச் சீமைக்கு நான் போனதில்லீங்க டீச்சர், போயிட்டு வந்தவங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்ட என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தப் பாட்டிக்குத் தருக்கம் தெரியாது என்று எழுதுபவரை நான் ஏற்க மாட்டேன். எந்தக் காட்டெருமைத் தடம் எத்தனை நாள் பழையது என்று அவர் சொல்லும் காரண காரியங்களைக் கேட்டவள் நான். 'இதை உண்மை என்று வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டு அதற்குள்ளேயே நின்று விடை சொல்வது பள்ளிக்கூடம் கற்றுத்தரும் ஒரு விளையாட்டு. அவருக்கு அந்த விளையாட்டின் விதி தெரியாது, அவ்வளவே. பிற்காலத்தில் அமெரிக்க உளவியலாளர்களான சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் வாழும் 'வாய்' (Vai) என்ற இன மக்களிடையே இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். அம்மக்களுக்குத் தங்கள் சொந்த எழுத்து உண்டு. அந்த எழுத்தைப் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கற்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்ததால் மட்டும் இத்தகைய புதிர்களுக்கு விடை சொல்லும் திறன் வந்துவிடவில்லை. பள்ளிப் படிப்புத்தான் வேறுபாட்டை உண்டாக்கியது என்று 1981இல் அவர்கள் வெளியிட்ட நூல் காட்டியது. வைகாட்ஸ்கி வழி வந்தவர்களே வைகாட்ஸ்கியைத் திருத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மக்களை முற்பட்டவர், பிற்பட்டவர் என்று ஒரே ஏணியின் படிகளில் நிறுத்தும் அக்காலப் பழக்கம் அவரிடமும் இருந்தது. மலையில் வேலை செய்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.


பதில் 3: சிறப்பாசிரியர், சேலம்

காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த இழையில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். வைகாட்ஸ்கி மாஸ்கோவுக்கு வந்த பிறகு மிகுந்த உழைப்பைச் செலவிட்டது பார்வையற்ற, காது கேளாத, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் கல்வியில்தான். அவர் வெளிநாடு சென்றதே 1925இல் லண்டனில் காது கேளாதோர் கல்வி குறித்து நடந்த மாநாட்டுக்காகத்தான்.

காது கேளாமை தன்னளவில் குழந்தையின் மனத்தைச் சுருக்குவதில்லை. சுற்றியுள்ளவர்களின் பேச்சிலிருந்தும் வேலையிலிருந்தும் குழந்தையை விலக்கி வைப்பதே சுருக்குகிறது என்றார் அவர். விழி பார்க்கும் எழுத்தை விரல் தொட்டுப் படிக்கலாம். கருவி மாறலாம், அதன் வழியாகப் பிறர் மனத்தோடு சேரும் வழி அடைபடக் கூடாது. தொடக்கத்தில் அவரும் அக்காலத்தவர் பலரைப் போல வாய்ப்பேச்சையே வற்புறுத்தினார். ஆனால் 1930களின் தொடக்கத்தில், சைகையும் ஒரு மொழிதான், அதைப் பகையாக நடத்தக் கூடாது, பல வழிகளையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) குழந்தைகள் சைகை செய்யாமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். இடைவேளை மணி அடித்ததும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து மைதானமே பேசத் தொடங்கும். பாடம் நடந்தது வகுப்பறையில். கற்றல் நடந்தது மைதானத்தில்.


அம்மாபேட்டை தறிவீடு மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. ஏற்காட்டு அக்கா எழுதிய சாம்பல் பனியை மறக்க மாட்டேன். ஐயா, என் தறிக் கேள்வியை நீங்கள் இன்னும் தள்ளியே வைத்திருக்கிறீர்கள். காத்திருக்கும் நேரத்தில் என் நினைவுக்கு வந்த இன்னொன்றை எழுதிவிடுகிறேன். இது தொடர்புடையதா என்று நீங்களே சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது கணக்கில் விகிதம் நடத்தினார்கள். அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு வழக்கமான அகலத்தைவிடக் குறைந்த அகலத்தில் சில துண்டுகள் நெய்து தரும்படி ஒரு வேலை வந்தது. வழக்கமான வேட்டிக்கு ஊடை (குறுக்கே ஓடும்) நூல் எத்தனை சிட்டம் (நூல் கட்டு) என்று அப்பாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். புதிய அகலத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, "கொஞ்சம் நெய்து பார்த்தால் தெரிந்துவிடும்" என்றார். நான் நோட்டை எடுத்து, பள்ளியில் கற்ற விகிதப்படி கணக்குப் போட்டு ஓர் எண்ணைச் சொன்னேன். அப்பா நோட்டைப் பார்க்கவே இல்லை. சற்று நேரம் பாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரியாத்தான் இருக்கும், ஆனா ஒரு சிட்டம் சேர்த்து வாங்கு, கழிவு போகும், அகலம் குறைஞ்சாலும் கழிவு குறையாது" என்றார். வாங்கினோம், அந்தச் சிட்டமும் தேவைப்பட்டது.

அப்பா எனக்கு இழை முடியக் கற்றுக்கொடுத்ததைவிட, ஏனோ, இதுதான் வைகாட்ஸ்கியோடு ஒட்டிக்கொள்வதுபோல் தோன்றுகிறது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


பதில் 4: ஓய்வுபெற்ற பயிற்றுநர், செவ்வாய்ப்பேட்டை

அம்மா, நான் தள்ளிவைத்த விடையை நீங்களே கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள்.

இழை முடியக் கற்ற கதை அழகானது. சாரக்கட்டு என்று பிற்காலத்தவர் சொன்னதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போனாலும் அதே "ம்" கேட்கும். கைத்தொழில் உள்ள ஊர்கள் எல்லாம் அதை அறிந்தவைதாம். அதைச் சொல்ல மாஸ்கோவிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை என்று நீங்கள் எழுதியது சரி. ஆனால் வைகாட்ஸ்கி கேட்டது ஒரு வேலையைக் கற்பது எப்படி என்பதை அன்று. கற்பிப்பது குழந்தையின் சிந்திக்கும் முறையையே மாற்றுகிறதா, மாற்றினால் எப்படி என்பதே அவர் கேள்வி. வளர்ச்சி வரட்டும், பிறகு கற்பிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு எதிராக, வளர்ச்சிக்கு ஓர் அடி முன்னே நடந்து அதை இழுத்துச் செல்லும் கற்பித்தலே நல்ல கற்பித்தல் என்றார்.

அதற்கு அவர் இரண்டு வகைக் கருத்துகளைப் பிரித்துக் காட்டினார். வாழ்க்கையில் புழங்கிப் புழங்கித் தானாக வந்து சேரும் அன்றாடக் கருத்து ஒன்று. பள்ளியில் சொல்லால் வரையறுத்துக் கற்பிக்கும் அறிவியல் கருத்து மற்றொன்று. குழந்தைக்கு ஆர்க்கிமிடிஸ் விதியைச் சொல்லத் தெரியும், 'சகோதரன்' என்றால் என்ன என்று சொல்லத் தெரியாது என்பது அவர் தந்த உதாரணம். சகோதரனோடு உருண்டு புரண்டு வளர்ந்ததனாலேயே அதை எட்ட நின்று பார்க்க முடிவதில்லை. நம் வீட்டுப் பேச்சில் அண்ணன், தம்பி என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதால் அந்த உதாரணம் நமக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் ஐந்து வயதுப் பையனிடம் "உன் அண்ணனுக்குத் தம்பி யார்?" என்று கேட்டுப் பாருங்கள், தனக்கு யாரும் இல்லாததுபோல விழிப்பான்.

அன்றாடக் கருத்து கீழிருந்து மேலே வளர்கிறது, அறிவியல் கருத்து மேலிருந்து கீழே இறங்குகிறது, இரண்டும் வழியில் ஒன்றையொன்று தொட வேண்டும் என்றார். தொடாவிட்டால் முன்னது சூழ்நிலை மாறும்போது தடுமாறும். பின்னது வெறும் சொல்லாக, மனப்பாடமாக நிற்கும். உங்கள் அப்பாவின் சிட்டக் கணக்கு அகலம் மாறியவுடன் தயங்கியது. உங்கள் விகிதம் தயங்கவில்லை. ஆனால் அதற்குக் கழிவு தெரியவில்லை. அந்தத் திண்ணையில், ஒரு நோட்டுக்கும் ஒரு பாவுக்கும் இடையே, அவர் 'சிந்தனையும் பேச்சும்' நூலில் ஒரு முழு அதிகாரம் எழுதிய செய்தி நடந்திருக்கிறது. விகிதம் நடத்தும் ஆசிரியர், வகுப்பில் தறிவீட்டுப் பிள்ளைகள் யார் என்று ஒரு முறை கேட்டிருந்தால் அது பள்ளியிலேயே நடந்திருக்கும்.

ஏற்காட்டு ஆசிரியையின் கண்டனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த உஸ்பெக் ஆய்வு அன்றைய சோவியத் அதிகாரத்துக்கும் பிடிக்கவில்லை. தேசிய இனங்களை இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டினார்கள். 1936 ஜூலையில் குழந்தை ஆய்வியல் துறைக்கு எதிராகக் கட்சி ஆணை பிறப்பித்த பிறகு, வைகாட்ஸ்கியின் பெயரைச் சொல்வதே அரிதாயிற்று. 1956இல்தான் அவர் எழுத்துகள் அங்கே மறுபடியும் அச்சேறின. 1962இல் 'சிந்தனையும் பேச்சும்' நூலுக்கு ஆங்கிலத்தில் வந்தது பெரிதும் சுருக்கிய பதிப்பு; அதைப் பார்த்த பிறகுதான் பியாஜே, தம்மை இவ்வளவு காலம் முன்பே ஒருவர் இப்படி விமர்சித்திருக்கிறாரே என்று மறுமொழி எழுதினார். அப்போது வைகாட்ஸ்கி இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1978இல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் ஆசிரியர் கல்லூரிகளில் பரவிய தொகுப்போ, பல கையெழுத்துப் படிகளிலிருந்து பதிப்பாசிரியர்கள் வெட்டியும் சேர்த்தும் அமைத்தது. உங்கள் இரண்டு வட்டங்கள் இத்தனை கைகள் மாறி வந்தவை. வழியில் முடிச்சும் கரடியும் நீலப் பென்சிலும் உதிர்ந்துபோனதில் வியப்பில்லை.


அம்மாபேட்டை தறிவீடு:

மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒரு சந்தேகம். தேர்வில் 'சாரக்கட்டு என்ற கருத்தோடு தொடர்புடையவர் யார்' என்று கேட்டு, வைகாட்ஸ்கி, ப்ரூனர் இருவர் பெயரையும் விடைகளில் கொடுத்திருந்தால் எதைக் குறிப்பது?


ஓய்வுபெற்ற பயிற்றுநர், செவ்வாய்ப்பேட்டை:

ப்ரூனர் என்பதே சரி. ஆனால் வைகாட்ஸ்கியின் கட்டத்தை நிரப்பிவிட்டு வாருங்கள் அம்மா. விடைக்குறிப்பு எழுதுபவரும் அதே வழிகாட்டி நூலைத்தான் படித்திருப்பார்.